கடுகுக்காக என் பேத்தி வாங்கிய வசவு

மரபணு மாற்றிய கடுகைச் சோதித்துப் பார்த்து வயலுக்கு விடலாம் என்று என் பேத்தி தேன்மொழி காலேஜ் மேடையில் பேசினாள். வேளாண்மை படிக்கிறவள்.

அந்தப் பேச்சின் வீடியோவுக்குக் கீழே வந்த வசவுகளைப் படித்துவிட்டு, நேற்றிலிருந்து அவள் சாப்பிடவில்லை.

திருஷ்டி கழிக்கலாம் என்று இன்று காலை சேலையூர் கடைக்குக் கடுகு வாங்கப் போனேன். எங்கள் தெருவில் இருக்கும் ரிட்டயர்டு சார் அங்கே பிடித்துக்கொண்டார்.

"என்னம்மா, விதையெல்லாம் கம்பெனிக்காரன் கையில கொடுக்கவா பேத்தியைப் படிக்க வச்சீங்க?"

"எனக்கும் அந்த விதைன்னா பயம்தான் சார். அவகூட சண்டையே போட்டேன். அவ பேசினதுக்குப் பதில் சொல்லுங்க. அவளை ஏன் திட்றீங்க?"

அவர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து உப்பு, மிளகாயோடு கடுகைச் சேர்த்து அவளைச் சுற்றினேன்.

"பாட்டி, இது எந்தக் கடுகுன்னு கடையில கேட்டியா?" என்று சிரித்தாள். சுற்றும்போது பேசக்கூடாது என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு இரண்டு இட்லி சாப்பிட்டாள்.

ஐந்தாவது வரை படித்தவள் நான். அவள் சொன்னது தப்பென்றால், ஏன் தப்பு என்று எனக்குப் புரிகிற மாதிரி இந்தப் பதிவுக்குக் கீழே எழுதுங்கள். நானும் உங்கள் கட்சிதான்.

வசவு மட்டும் தெரிந்தவர்கள் நேரில் வாருங்கள். கடுகு மீதி இருக்கிறது, உங்களுக்கும் சுற்றிப் போடுகிறேன்.