துமிராவுக்கு எழுதிய மாத்திரை

கிளாத்தென் ஊரில் டாக்டர் விந்தார்த்தி தன் வீட்டுக் கார் கொட்டகைக்குச் சுவர் எழுப்பி, வாசலில் பெயர்ப்பலகை மாட்டிய நாளிலிருந்து நான் அங்கே சீட்டு எழுதுகிறேன். காலையில் அவருக்கு அரசு சுகாதார நிலையத்தில் வேலை. மாலை நான்கிலிருந்து ஏழு வரை வீட்டில். முதல் நான்கு மாதம் நாளுக்கு இரண்டு பேர் வந்தால் அதிகம். எங்கள் பக்கத்தில் டாக்டரின் கை ராசி பொருந்த வேண்டும். இரண்டு நாளில் குணமாகவில்லையா, அடுத்த டாக்டர். அவர் படித்த படிப்பை யாரும் கேட்பதில்லை.

துமிராவுக்குப் பொருந்திவிட்டது. சோயாவை அவித்து வாழையிலையில் புளிக்கக் கட்டித் தெம்பே விற்பவள். ரத்த அழுத்தம் நூற்றெண்பது. ஒரு வார மாத்திரையில் தலைவலி நின்றதும் சந்தை முழுக்கச் சொல்லிவிட்டாள். அதன் பிறகு பெஞ்சில் இடமில்லை.

ஆனால் மூன்று மாதமாகியும் துமிராவின் அழுத்தம் மட்டும் இறங்கவில்லை.

"தினமும் போடறீங்களா அக்கா?"

"உங்க மாத்திரை எனக்கு ரொம்ப ஒத்துக்குது டாக்டரம்மா."

அவள் போன பின் டாக்டர் அவளுடைய நோயாளி அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவங்க அம்மாவும் பக்கவாதத்துலதான் போனாங்க. அடுத்த தடவை இன்னொரு மாத்திரை சேர்க்கணும். எனக்கு பயமா இருக்கு."

மறுநாள் நான் தெம்பே வாங்கப் போனேன். துமிராவின் கொட்டகையில் ஐந்து பெண்கள் இலை மடித்துக்கொண்டிருந்தார்கள். துமிரா மாத்திரை அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கினாள்.

"இந்தா கினா, கழுத்து வலின்னியே. டாக்டரம்மா கை ராசி, உடனே கேக்கும்."

"நேத்து எங்க வீட்டுக்காரருக்குக் கொடுத்தியே, படுத்ததும் குறட்டை!" என்றாள் இன்னொருத்தி.

"முழிச்சிருந்தா மட்டும் என்னத்தைக் கிழிச்சாரு?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் மெதுவாகக் கேட்டேன்: "இன்னிக்கு நீங்க போட்டீங்களா அக்கா?"

"எனக்குத்தான் தலை வலிக்கலையே!"

டாக்டரிடம் சொன்னால் துமிரா வரமாட்டாள். அவளோடு சந்தையும் வராது. சொல்லாவிட்டால் இன்னொரு மாத்திரையும் பந்திக்குப் போகும். சொன்னேன்.

அடுத்த முறை துமிரா வந்தபோது டாக்டர் நிதானமாகத்தான் ஆரம்பித்தார். பிறகு குரல் ஏறிவிட்டது. "உங்க உயிருக்காக எழுதினது! ஊருக்கு மிட்டாய் கொடுக்கறீங்களா?" ஒட்டுப்பலகைக் கதவு, எல்லாம் வெளியே கேட்டது. பெஞ்சில் இருந்த பதினோரு பேரும் தரையைப் பார்த்தார்கள். துமிரா, "சரிங்க, சரிங்க" என்று சிரித்தபடி வெளியே வந்தாள். எங்கள் ஊரில் அப்படிச் சிரித்தால் கதை முடிந்தது என்று அர்த்தம். டாக்டரும் இந்த ஊர்தான். அவருக்கும் தெரியும். கத்திய பிறகு தெரிந்து என்ன செய்ய?

இரண்டே வாரத்தில் பெஞ்சு காலியானது.

அதன் பிறகு ஒருநாள் டாக்டர் அழுத்தக் கருவியை எடுத்துக்கொண்டு, "வா, போகலாம்" என்றார். தெம்பே கொட்டகையில் துமிரா தேநீர் கொடுத்தாள், கையையும் நீட்டினாள். நூற்றுத் தொண்ணூற்றைந்து.

"சந்தைக்கு அந்தப் பக்கம் ஒரு டாக்டர் ஊசி போட்டாரு. நல்லா ஒத்துக்குச்சு."

டாக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டார். "அன்னிக்கு நான் கத்தினது தப்புக்கா. இப்ப என் கண்ணு முன்னாடி இந்த மாத்திரையில ஒண்ணு போடுங்க."

துமிரா இலை மடித்துக்கொண்டிருந்த மற்றவர்களைப் பார்த்தாள். ஒருத்தியும் நிமிரவில்லை. வாயில் போட்டுத் தேநீரைக் குடித்தாள். மீதி மாத்திரை அட்டையை டாக்டர் தன் பையிலேயே வைத்துக்கொண்டார்.

"நாளைக்கும் இதே நேரம் வருவேன்."

"தினமுமா டாக்டரம்மா?"

"தினமும்."

திரும்பும்போது தெருமுனையில் அவர் நின்றார். பிறகு, "ஒருத்தங்களுக்கு இப்படிப் போகலாம். என் அலமாரியில அழுத்தக்காரங்க அட்டை எத்தனை இருக்கு?" என்றார்.

"நாப்பத்தாறு."

"நாப்பத்தாறு," என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார். வீட்டில் நோயாளி பார்க்கும் நேரம் தாண்டி மணி நாலேகால் ஆகியிருந்தது.