பின்னாலிருந்து ஒரு குரல்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு குளிர்காலம். கனடாவிலிருந்த மச்சாளுக்குச் சுவிஸ் நினைவாக அனுப்ப, நாங்கள் இருந்த ஊஸ்டர் நகரச் சந்தையில் ஒரு சின்ன மாட்டு மணி பார்த்தோம். என் மனைவி பாதி விலைக்குக் கேட்டாள். கடைக்காரப் பெண் சிரித்தபடி மறுத்துவிட்டார்.

"வாங்கோ, போவம். திரும்பிப் பாக்காதேங்கோ, கூப்பிடுவா," என்றாள் மனைவி.

யாழ்ப்பாணச் சந்தையில் அப்படித்தான். நாலடி நடந்தால் வியாபாரியே கூப்பிட்டு விலையைக் குறைப்பார். இங்கே தெருமுனை வரை நடந்தும் ஒரு சத்தமில்லை. இனி எந்த முகத்தோடு திரும்பிப் போவது?

அப்போது பின்னால், "ஹலோ! ஹலோ!"

"நான் சொன்னனான்தானே!" மனைவி வெற்றியோடு திரும்பினாள்.

அந்தப் பெண் கடையை அப்படியே விட்டுவிட்டு மூச்சிரைக்க ஓடிவந்தார். கையில் மணி இல்லை. மனைவி அங்கே மறந்துவிட்டு வந்த கையுறைகள் இருந்தன. விறைத்திருந்த அவள் கைகளில் தானே மாட்டியும் விட்டார்.

கூடவே போய், அவர் சொன்ன விலைக்கே மணியை வாங்கினோம்.

"ஒரு சதமும் குறையேல்லை," என்றேன் வழியில்.

"அதுக்கென்ன, கூப்பிட்டவதானே."

மச்சாளுக்குச் சாக்லேட்தான் போனது. மணி இன்னமும் எங்கள் வாசலில் தொங்குகிறது. இந்த நாட்டில் எங்களைக் கூப்பிட்டுக்கொண்டு பின்னால் ஓடிவந்த முதல் ஆள் அந்தப் பெண்தான்.