சாந்தாமணியின் ‘பரவால்லீங்க’

சாந்தாமணிக்குக் கோபம் வந்து பீளமேட்டில் யாரும் பார்த்ததில்லை. பஸ்ஸில் ஒருவர் அவள் காலை நன்றாக மிதித்துவிட்டு, “அடடா, மன்னிச்சுக்கங்க” என்றால், மிதிபட்டவள் இவள்தானா என்று சந்தேகம் வரும்படி, “பரவால்லீங்க, பரவால்லீங்க” என்று அவரைச் சமாதானப்படுத்துவாள். கொங்கு நாட்டில் இந்த வார்த்தையைச் சொல்லாதவர் கிடையாது. ஆனால் மற்றவர்கள் குழம்புக்கு உப்புப் போடுகிற மாதிரி அளவாகப் போடுவார்கள். சாந்தாமணி மட்டும் அதையே கறியும் சோறுமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு இட்லி மாவு வியாபாரம். வீட்டு முன்னறையில் இரண்டு பெரிய கிரைண்டர்கள். கல்லூரிப் பிள்ளைகளும் கம்பெனிக்குப் போகிறவர்களும் மாலையில் வந்து பாக்கெட் பாக்கெட்டாக வாங்கிப் போவார்கள். அரைத்த மாவு நிறைந்த அண்டாவைத் தூக்கி மேடையில் வைக்க ஆளுக்கொரு பக்கம் பிடிக்க வேண்டும். பம்ப்செட் கம்பெனியில் வேலை பார்க்கும் அவள் கணவன் நஞ்சுண்டன் ஷிப்டுக்குக் கிளம்பும் முன் ஒரு கை பிடித்துக் கொடுப்பான். அன்றைக்கு அவன் வாயில் பிரஷ்ஷோடு பின்பக்கம் நின்றான். பல் துலக்குகிற மனுசனைத் தொந்தரவு செய்வானேன் என்று, சாந்தாமணி தனியாகவே குனிந்து அண்டாவைத் தூக்கினாள்.

இடுப்பில் ஏதோ சுருக்கென்றது. அடுத்த நொடி இடது காலில் மின்சாரம் பாய்ந்த மாதிரி ஒரு வலி கட்டைவிரல் வரைக்கும் ஓடியது. அண்டாவைக் கீழே விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“என்ன புள்ள ஆச்சு?” என்று நுரை வழிய ஓடிவந்தான் நஞ்சுண்டன்.

“பரவால்லீங்க” என்றாள்.

பரவாயில்லாமல் எங்கே இருந்தது! செருப்பை மாட்டக் குனிய முடியவில்லை. தும்மினால் உயிர் போய் வந்தது. பாதத்தின் ஓரம் மரத்துப்போனது. டாக்டர் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார். முதுகெலும்புக் கட்டைகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் சவ்வு பிதுங்கி, காலுக்குப் போகிற நரம்பை அழுத்துகிறது. இப்போதைக்கு ஆபரேஷன் தேவையில்லை. மாத்திரையும் பிசியோதெரபியும் போதும், பெரும்பாலானவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகிவிடும். எடை மட்டும் தூக்கக் கூடாது. கால் பலம் குறைந்தாலோ, ஒன்றுக்குப் போவதில் சிக்கல் வந்தாலோ, அன்றைக்கே ஓடி வர வேண்டும்.

வீட்டுக்கு வந்தால், சேதி கேட்டு வந்த சொந்தபந்த ஒறம்பரைக் கூட்டம். ஒருவர் எண்ணெய் கொண்டுவந்தார், ஒருவர் எங்கேயோ முதுகில் ஏறி மிதிக்கிற ஆளின் போன் நம்பரைக் கொண்டுவந்தார். நல்லவேளை, மிதிப்பவரிடம் போக நஞ்சுண்டன் விடவில்லை. விட்டிருந்தால் அவரிடமும் இவள் பரவால்லீங்க என்றுதான் சொல்லியிருப்பாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் அவள் தம்பி கதிர்வேலுக்குப் பெண் அமைந்தது.

கதிர்வேலுக்கு முப்பத்தொன்பது வயது. கணபதியில் சொந்தமாக லேத் பட்டறை, நல்ல குணம், தலையில் முடிகூட இன்னும் இருந்தது. ஆனாலும் பெண் அமையவில்லை. படிப்பு பத்தாது என்றார்கள், ஜாதகம் சேரவில்லை என்றார்கள், சில வீடுகளில் டீ கொடுத்தார்கள், பதில் கொடுக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் சாந்தாமணிதான் போனில் சேதி சொல்வாள். “பரவால்லீங்க்கா, விடுங்க” என்பான். நம் தம்பிக்கு எவ்வளவு நல்ல மனசு என்று அவள் போனை வைத்துவிடுவாள். கடைசியில் பவானிப் பக்கத்திலிருந்து லோகப்பிரியா வந்தாள். பள்ளிக்கூட டீச்சர், முப்பத்து மூன்று வயது. பட்டறைக்கே வந்து பார்த்துவிட்டு, “எனக்குப் புடிச்சிருக்குதுங்க” என்று நேராகச் சொன்னவள். தை மாதம் முகூர்த்தம் குறித்தார்கள்.

கொங்குக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ மணப்பெண் மாதிரி அலங்கரித்துக்கொண்டு, கூறைச் சேலை வைத்த மூங்கில் பேழையைச் சுமந்து வந்து உடன்பிறந்தவன் பக்கத்தில் நிற்பாள். சீர் செய்துவைக்கும் அருமைக்காரர், சேலையின் ஒரு முனையை அவன் கையிலும் மறு முனையை அவள் கையிலும் கொடுப்பார். புதுசாக ஒருத்தி வந்தாலும் உன்னை விட்டுவிட மாட்டேன் என்று தம்பி ஊரறியச் சொல்வதாக அர்த்தம். அப்பா அம்மா போனபிறகு கதிர்வேலுக்கு மிச்சமிருந்தது இந்த ஒரு அக்காதான். இணைச்சீருக்கென்று அவள் வாங்கிவைத்த மாம்பழ மஞ்சள் பட்டு, பீரோவில் மடிப்பு மாறாமல் வருடக்கணக்காகக் காத்துக்கிடந்தது. அந்தப் பட்டைக் கட்டிக்கொண்டு தம்பி பக்கத்தில் நிற்க வேண்டும். அவளுக்கு வேறு ஆசையே இல்லை.

அதனால் பிசியோதெரபிக்கு ஒரு நாளும் தவறாமல் போனாள். அங்கே லாஸ்யா என்ற இளம்பெண். பீளமேட்டிலேயே பிறந்து வளர்ந்த தெலுங்கு வீட்டுப் பிள்ளை. கவிழ்ந்து படுக்கச் சொல்லி, கைகளை ஊன்றி நெஞ்சை மட்டும் மெதுவாகத் தூக்கச் சொல்வாள்.

“வலிக்குதுங்களாக்கா?”

“பரவால்லீங்க கண்ணு.”

“கால்ல இறங்குதுங்களா?”

“பரவால்லீங்க.”

லாஸ்யா அதை நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? பயிற்சியைக் கூட்டினாள். சாந்தாமணி ஆட்டோவில் வீட்டுக்குப் போகும்போது முந்தானையை வாயில் கடித்துக்கொண்டு போனாள். வலிக்கிறது என்று சொன்னால் அந்தப் பிள்ளை மனசு சங்கடப்படுமே என்பதுதான் அவள் கவலை.

நிச்சயதார்த்தத்துக்குப் பவானி போனார்கள். பெண் வீட்டில் கூடம் முழுக்கப் புது ஜமக்காளம் விரித்திருந்தார்கள். விஷயம் தெரிந்து லோகப்பிரியாவின் அம்மா ஒரு நாற்காலியோடு ஓடிவந்தார். “நீங்க மேல உக்காருங்க அம்மணி, உங்களுக்கு இடுப்பு முடியலைன்னாங்க.”

பெரியவர்களெல்லாம் கீழே உட்கார்ந்திருக்க, தான் மட்டும் மேலே உட்காருவதா? “பரவால்லீங்க, கீழயே உக்காந்துக்கறேனுங்க” என்று ஜமக்காளத்தில் சம்மணமிட்டாள் இந்தப் புண்ணியவதி. வெற்றிலைத் தட்டு மாற்றி, நாள் பேசி, பலகாரம் பரிமாறி முடியும்வரை முகத்தில் சிரிப்பு மாறவில்லை. எழுந்திருக்கச் சொன்னபோதுதான் கால் வரவில்லை. நஞ்சுண்டனும் கதிர்வேலும் ஆளுக்கொரு கை பிடித்துத் தூக்கிக் காரில் ஏற்றினார்கள். பெண்ணின் அம்மா, தன் வீட்டில் வைத்தா இப்படி ஆகவேண்டும் என்று கண்கலங்கி நின்றார். ஒருவரைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று நினைத்தவள், ஒரு கூடத்தையே சங்கடப்படுத்திவிட்டு வந்தாள்.

முன் சீட்டில் இருந்த பெரியப்பா திரும்பாமலே சொன்னார். “இணைச்சீருக்கு நம்ம மல்லிகாவையே நிறுத்திப்போடலாம். அவளும் அக்கா முறைதானே.” மல்லிகா பெரியப்பாவின் மகள்.

“பரவால்லீங்க பெரியப்பா” என்றாள் சாந்தாமணி. அவள் சொன்ன பரவால்லீங்களிலேயே பெரிய பொய் அதுதான். கோயம்புத்தூர் வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள்.

மறுநாள் டாக்டர் பார்த்து, கால் பலம் குறையவில்லை, பயப்பட வேண்டாம் என்றார். அங்கிருந்து நஞ்சுண்டன் அவளை நேரே லாஸ்யாவிடம் கூட்டிப்போனான். “நான் ஒன்னு சொல்லிப்போடறேனுங்க. இவ வலிக்குதுன்னு வாயத் தொறந்து சொல்ல மாட்டாளுங்க. பிரசவ வலியிலயே என்னைத் தூங்கட்டும்னு உட்டுப்போட்டா. ரெண்டாவது பையன் ஆட்டோவுல பொறக்கப் பாத்தானுங்க.”

லாஸ்யாவுக்கு முதலில் சுருக்கென்று கோபம் வந்தது. “அப்போ இத்தன நாளும் எங்கிட்டச் சொன்னது பூராப் பொய்யாக்கா? நீங்க சொல்றத வெச்சுத்தானே நான் பயிற்சி குடுக்கறேன்!” என்றவள், சாந்தாமணியின் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். “எங்கூட்டுலயும் இதே கததான். எங்கம்மாவுக்கு எது ஆனாலும் ‘பர்வாலேது’. பாஷை மாறினாலும் இந்த வார்த்த மாற மாட்டேங்குது. இனிமே இந்த ரூமுக்குள்ள அதைச் சொல்லக் கூடாது.”

“வேற என்னன்னு கண்ணு சொல்றது?” சாந்தாமணி நிஜமாகவே கேட்டாள்.

லாஸ்யா யோசித்தாள். “அவினாசி ரோடு பஸ்ஸுல போயிருக்கீங்கல்ல? உங்க இடுப்புதான் காந்திபுரம். தொடை லட்சுமி மில். கெண்டைக்கால் பீளமேடு. பாதம் சித்ரா. வலி எந்த ஸ்டாப்புல நிக்குதுன்னு மட்டும் சொல்லுங்க. சித்ராவுல இருந்து காந்திபுரத்துக்குத் திரும்பி வந்துச்சுன்னா நாம ஜெயிக்கறோம்னு அர்த்தம். இடுப்புல வலி கொஞ்சம் அதிகமானாலும் பரவால்ல.” சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வலிக்கிறது என்று சொல்ல வராதவளுக்கு ஸ்டாப் பெயர் சொல்ல வந்தது. “சித்ராவுலயே நிக்குதுங்க” என்பாள். லாஸ்யா பயிற்சியைக் குறைப்பாள். “பீளமேடு வந்துருச்சுங்க கண்ணு” என்று ஒரு நாள் சொன்னபோது, இரண்டு பேரும் கல்யாணச் சேதி கேட்ட மாதிரி சிரித்தார்கள். சில நாள் ஒரு தும்மலில் பஸ் மறுபடி சித்ராவுக்கே போய்விடும். அதையும் மறைக்காமல் சொன்னாள்.

சொல்லிப் பழகிய வாய் வீட்டிலும் சும்மா இருக்கவில்லை. அண்டா ஓரங்கட்டப்பட்டது. சின்னச் சின்னத் தூக்குகள் வந்தன, இடுப்பு உயரத்துக்கு மேசை வந்தது. மாவு வாங்க வருகிற பையன்களிடம், “ஏனுங்க தம்பி, அந்த அரிசி மூட்டையச் சித்தெ இந்தப் பக்கமா நகத்திக் குடுத்துட்டுப் போறீங்களா?” என்று கேட்டாள். கேட்டால் தலை போய்விடும் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தாள். அவர்கள் நகர்த்திக் கொடுத்துவிட்டு மாவு வாங்கிக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான் விஷயம். காலையில் கல்லூரி மைதானத்தில் மெதுவாக நடந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தனக்கென்று ஒரு வேலை இருப்பது அவளுக்குப் பிடித்திருந்தது.

ஒரு நாள் கதிர்வேல் போன் செய்தான். நிச்சயதார்த்தத்தில் அப்படி ஆனதற்கு இவள் வருத்தம் தெரிவித்தாள். “பரவால்லீங்க்கா, விடுங்க” என்றான்.

சாந்தாமணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தக் குரல் அவளுக்குத் தெரியும். முந்தானையைக் கடித்துக்கொண்டு பேசுகிற குரல். ஒவ்வொரு வீடும் வேண்டாம் என்றபோதும் இவன் இதே குரலில்தானே சொன்னான்? பெரிய மனசு என்று நினைத்துப் போனை வைத்தோமே, பாவி, ஒரு தடவையாவது எங்கே வலிக்கிறது என்று கேட்டோமா? அன்றைக்கு மாவு ஆட்டும்போதெல்லாம் இதே நினைப்பு. தம்பி பக்கத்தில் தானே நிற்பதென்று முடிவு செய்து, மாலையில் பெரியப்பாவுக்குப் போன் போட்டாள்.

“பெரியப்பா, எனக்குப் பரவால்லைன்னு சொன்னது பொய்யுங்க. இணைச்சீரு நாந்தான் செய்வேனுங்க. ரொம்ப நேரம் நிக்க முடியாது. பக்கத்துல ஒரு சேரு மட்டும் வேணுமுங்க.”

“சீருல சேரா? கேள்விப்பட்டதே இல்லியே சாமி” என்று இழுத்தார் அவர். அருமைக்காரரைக் கேட்டார்கள். “அக்கா உக்காந்தா சீரும் உக்காந்துக்குமா? போடுங்க சேர” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் அந்த மனுசன். மல்லிகாவுக்கும் மகிழ்ச்சிதான். அவளுக்கு மண்டபத்தில் சும்மா உட்கார்ந்து பேசத்தான் ஆசை.

தை மாதம் கல்யாண மண்டபத்தில் மாம்பழ மஞ்சள் பட்டு வெளியே வந்தது. சாந்தாமணி முதுகை நேராக வைத்துக்கொண்டு, லாஸ்யா சொல்லிக்கொடுத்த மாதிரியே அடிமேல் அடிவைத்துப் பேழையோடு வந்து தம்பி பக்கத்தில் நின்றாள். சேலை முனைகள் இரண்டு பேர் கைக்கும் வந்தன. சீர் முடிந்திருக்கும், வீடியோக்காரத் தம்பி விடவில்லை. பேழை சரியாகத் தெரியவில்லை என்றான், மறுபடி நடந்து வரச் சொன்னான். வந்தாள். மறுபடி சேலை முனையைப் பிடித்ததும், வெளிச்சம் போதவில்லை, அப்படியே நில்லுங்கள் என்றான். நின்றாள்.

கதிர்வேல் அவள் பக்கம் சாய்ந்தான். “அக்கா, வலிக்குதுங்களா?”

அந்தப் பழைய வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டாள். “வலிக்குது கதிரு. காந்திபுரத்துல இருந்து கிளம்பி லட்சுமி மில் வந்துருச்சு. சேர இழுத்துப் போடு.”

மாப்பிள்ளையே நாற்காலியை இழுத்துப் போட்டான். சேலை முனையை விடாமல் அவள் உட்கார்ந்தாள். வலி கொஞ்சம் அடங்கியது. அண்ணாந்து தம்பியைப் பார்த்தாள். பட்டு வேட்டியில், மாலையில், காதோரம் நரைத்த முடியோடு நின்றான்.

“உனக்கு?” என்று மெதுவாகக் கேட்டாள். “இத்தன வருசமா, ஒவ்வொருத்தரும் வேண்டாம்னு சொன்னப்பவெல்லாம், நெசமாவே பரவால்லியா சாமி?”

கதிர்வேல் கையிலிருந்த சேலையையே பார்த்துக்கொண்டிருந்தான். “இல்லீங்க்கா” என்றான். “ரொம்ப வலிச்சுதுங்க்கா.” சொல்லி முடிப்பதற்குள் கண் நிறைந்து மாலையில் சொட்டியது. சாந்தாமணி தன் கையிலிருந்த முனையால் அவன் கையை இறுக்கிச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். அவளும் அழுதாள். எதிரில் பெண் வீட்டார் வரிசையில் இருந்து லோகப்பிரியா இதைப் பார்த்துத் தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“சூப்பருங்க்கா!” என்று கேமராவுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினான் வீடியோக்காரன். “இதையே எந்திரிச்சு நின்னு இன்னொரு தடவ பண்ணிருங்க்கா.”

“முடியாதுங்க தம்பி” என்றாள் சாந்தாமணி.