சார்ஜர் மாமாவின் இடது பக்கம்

என் அக்கா வீட்டுக்காரர் ஒரு கூரியர் கிடங்கில் பார்சல் பிரிக்கும் வேலை பார்க்கிறார். அங்கே அவருக்கு வைத்த பெயர் சார்ஜர். யாருடைய போனில் உயிர் போனாலும் அவர் பைக்குள் கைவிட்டு ஒரு ஒயரை எடுப்பார். பழைய முனை, புது முனை, எப்படித் திருப்பினாலும் போகிற முனை, எல்லாவற்றையும் தனித்தனியாகச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருப்பார். சாப்பாட்டு டப்பாவை வீட்டில் வைத்துவிட்டுப் போன நாட்கள் உண்டு. அந்தப் பையை மறந்ததாக வரலாறே கிடையாது.

மாமாவை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி அவரை நன்றாக வாரப் போகிறேன்.

மாமாவுக்குத் தான் நன்றாகத் தூங்கினோமா இல்லையா என்பதே போன் சொன்னால்தான் தெரியும். காலையில் எழுந்ததும் தூக்கத்தை அளக்கிற ஆப்பைத் திறப்பார். அது நல்ல தூக்கம் என்றால் விசிலடித்துக்கொண்டு பல் தேய்ப்பார். சரியில்லை என்றால் அன்று முழுக்கக் கொட்டாவிதான். வானிலைக்கு ஒரு ஆப். வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்கும், அக்கா காய்ந்த துணியை அள்ளிக்கொண்டு தலை நனைய ஓடி வருவாள். மாமா நாற்காலியில் உட்கார்ந்தபடி, "இன்னும் அரை மணி நேரத்துல மழை வர வாய்ப்பிருக்காம்" என்று தகவல் சொல்வார். கூடத்துச் சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடி மாட்டியபோது, மட்டம் பார்க்கிற ஆப்பை அதன் மேல் வைத்து வைத்துப் பார்த்துத்தான் ஆணி அடித்தார். கண்ணாடி இன்றைக்கும் சாய்ந்துதான் தொங்குகிறது. கேட்டால் வீடு கோணலாம்.

கிடங்கில் அவருக்கு ஒரு வித்தை உண்டு. பெட்டியைக் கையில் வாங்கியதுமே, "இது போன், இது ஸ்பீக்கர், இது செருப்பு" என்று சொல்லிவிடுவார். செருப்பை அதன் கூடையில் விட்டெறிவார். போனைப் பிறந்த குழந்தை மாதிரி இரண்டு கையாலும் கொண்டுபோய் வைப்பார். "யாரோ ஒருத்தர் இன்னைக்குச் சாயங்காலம் இந்தப் பெட்டியப் பிரிப்பாங்க, அந்த மேல் அட்டை மெதுவா வழுக்கிட்டு வரும் பாரு" என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். யாரோ முன்பின் தெரியாதவர் புதுப் போன் வாங்குவதில் இவருக்கு இத்தனை சந்தோஷம். எனக்கெல்லாம் வயிறுதான் எரியும்.

ஆனால் ஆப்பும் போனும் அவருக்குச் சும்மா பொழுதுபோக்கு. உயிர் என்றால் பாட்டுதான். வேலை முடிந்து வந்து முகம் கழுவி, சமையலறை வாசலை ஒட்டிப் போட்டிருக்கும் நாற்காலியில் உட்கார்ந்து, இயர்போனை மாட்டிக் கண்ணை மூடினால் அந்த மனிதர் வேறு எங்கோ போய்விடுவார். தீப்பெட்டி அளவில் சட்டையில் குத்திக்கொள்கிற பழைய பிளேயர் ஒன்று வைத்திருக்கிறார். போனைவிட அதில் கேட்டால்தான் சுத்தமாக இருக்கிறது என்பார். யார் வீட்டுக்கு வந்தாலும் பிடித்து உட்கார வைத்துக் காதில் மாட்டிவிடுவார். "இப்ப இடது பக்கம் ஒரு வயலின் கேக்கும். கேட்டுச்சா? இப்ப வலது பக்கத்துல இருந்து இன்னொருத்தர் பதில் சொல்லுவாரு. அந்த ரெண்டு பேரும் உன் தலைக்குள்ள உக்காந்து பேசிக்கறாங்க, வாயாடி" என்பார். வாயாடி என்பது நான். மாமாவின் மொத்த சந்தோஷமும் அந்த இடது வலதில்தான் இருந்தது.

போன மழைக்காலத்தில் அவருக்கு ஒரு சளி பிடித்தது. சளி போனது. அதன் பிறகு ஒரு நாள், இயர்போனில் இடது பக்கம் சத்தம் கம்மியாக வருகிறது என்றார்.

பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் துடைத்தார். வாயால் ஊதினார். ரப்பர் மூடியை மாற்றினார். பிளேயரை வைத்துவிட்டுப் போனில் கேட்டுப் பார்த்தார். புது இயர்போன் வாங்கினார். அதிலும் இடது பக்கம் கம்மி. போனில்தான் கோளாறு என்று எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றினார். அக்காவின் தங்கை கல்யாணப் படங்கள், அதாவது என் கல்யாணப் படங்கள், அதோடு போயின. அப்புறமும் கம்மி. கடைசியாக வந்த அப்டேட்தான் காரணம் என்று முடிவு கட்டி, கம்பெனிக்காரனுக்கு ஒரே ஒரு ஸ்டார் கொடுத்து நீளமாகத் திட்டி எழுதினார். போனை ஒரு தடவை அணைத்துப் போட்டுப் பாருங்கள் என்று அவனும் மரியாதையாகப் பதில் போட்டான்.

கழித்துக் கட்டின இயர்போன் எல்லாம் என்னிடம் வந்தது. பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருக்கிறேன், மெஷின் ஓட்டும்போது எனக்குப் பாட்டு வேண்டும். "இடது பக்கம் செத்துப்போச்சு. நீ வேணா வலது பக்கம் மட்டும் கேட்டுக்க" என்று தருவார். மாட்டிப் பார்த்தால் இரண்டு பக்கமும் மணி மாதிரி இருக்கும்.

"நல்லாத்தானே கேக்குது மாமா?"

"உன் காதுக்கு எல்லாமே நல்லாத்தான் கேக்கும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஓசியில் வருவதற்கு வாயைத் திறப்பானேன் என்று மேஜை டிராயரில் போட்டேன். அது நிறைந்துகொண்டே வந்தது.

அதே சமயத்தில் அக்காவுக்கும் அவருக்கும் பேச்சு வார்த்தை முறுக்கிக்கொண்டது. சாப்பாட்டு மேஜையில் அக்கா உட்காருவது அவருக்கு இடது பக்கம். கேஸ் தீர்ந்துபோச்சு என்பாள், அவர் பாட்டுக்குச் சாப்பிடுவார். சின்னவனுக்குக் காய்ச்சல் என்பாள், எழுந்து கை கழுவப் போவார். "காதுல அந்தக் கருமத்த மாட்டி மாட்டி மனுஷங்க பேசறதே கேக்காமப் போச்சு இவருக்கு" என்று என்னிடம் வந்து கொட்டுவாள். கடைசியில் அவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு பேசுவதையே நிறுத்திவிட்டாள். நானும் அக்கா பக்கம்தான் நின்றேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நின்றிருப்பார்கள்.

பிறகு கிடங்கில் அந்தச் சம்பவம் நடந்தது. மூட்டை தூக்கும் வண்டி இடது பக்கமாக அவருக்குப் பின்னாலிருந்து வந்திருக்கிறது. ஹாரன் அடித்தும் மாமா திரும்பவில்லை. ஓட்டினவர் பிரேக்கை மிதித்த வேகத்தில் மேலே அடுக்கியிருந்த பெட்டிகள் சரிந்து விழுந்திருக்கின்றன. மாமாவின் மேல் படவில்லை, அது யார் செய்த புண்ணியமோ. சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கத்திவிட்டு, வீட்டுக்குப் போ, கூப்பிடும்போது வந்தால் போதும் என்று அனுப்பிவிட்டார்.

நான் போனபோது அக்கா வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தாள். மாமா நாற்காலியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"வேலை செய்யற இடத்துலயும் மாட்டிக்கிட்டிருந்தீங்களா? உண்மையச் சொல்லுங்க" என்று அக்கா கேட்டாள்.

"ஆமா. மாட்டியிருந்தேன்" என்றார் மாமா.

அக்கா தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அவர் பையை எடுத்து வெளியே எறிந்திருப்பேன். தேடினேன், பையைக் காணோம்.

கொஞ்ச நேரத்தில் அந்த வண்டி ஓட்டுகிறவரே வந்தார், கையில் மாமாவின் பையோடு. "அண்ணன் விட்டுட்டு வந்துட்டாரு" என்று வாசலிலேயே நின்று என்னிடம் நீட்டினார். "தங்கச்சி, சூப்பர்வைசர் சொல்றது தப்பு. நான்தான் பக்கத்துல பாத்தேன். அண்ணன் காதுல ஒண்ணுமே இல்ல."

அவர் போன பிறகும் பையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். செய்யாததைச் செய்தேன் என்று ஒரு மனிதர் ஏன் சொல்ல வேண்டும்? யாராவது போன் சார்ஜ் ஏறவில்லை என்று வந்தால் மாமா செய்கிற முதல் காரியம் எல்லாருக்கும் தெரியும். "ஒண்ணொண்ணா மாத்திப் பாரு. ஒயரை மாத்து, பிளக்கை மாத்து, போனை மாத்து. எல்லாத்தையும் மாத்தியும் கோளாறு அப்படியே இருந்தா, மாத்தாம விட்டது எதுன்னு பாரு." அந்த மழைக்காலத்திலிருந்து அவர் இயர்போனை மாற்றினார், மூடியை மாற்றினார், போனை அழித்து ஏற்றினார். மாற்றாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான்.

கூடத்துக்குள் போய் அவர் போனை எடுத்தேன். பாட்டைப் போட்டு இயர்போனை மாட்டினேன். இடது பக்கம் காது கிழிவது போலக் கத்தியது, வலது பக்கம் பொட்டுச் சத்தம் இல்லை. செட்டிங்கில் இடது வலதைச் சமன் செய்கிற புள்ளி இருக்கிறதே, அதை இடது ஓரம் வரைக்கும் தள்ளி வைத்திருந்தார். அதற்கு மேல் தள்ள அங்கே இடமில்லை.

அவருக்கு வலது பக்கமாகப் போய் உட்கார்ந்தேன்.

"மாமா, இயர்போனை மாத்தி மாட்டிப் பாத்தீங்களா? இடதை வலதுல, வலதை இடதுல?"

பையை என்னிடமிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"பாத்தீங்களா இல்லையா?"

"பாத்தேன்."

"எப்போ?"

"மொத நாளே."

முதல் நாளே தெரிந்திருக்கிறது. தெரிந்த பிறகுதான் அத்தனை இயர்போன் வாங்கியிருக்கிறார். அடுத்ததில் கேட்டுவிடும், அடுத்ததில் கேட்டுவிடும் என்று ஒவ்வொரு பெட்டியாகப் பிரித்திருக்கிறார். கோளாறு எங்கே என்று மூன்று தெருவுக்குச் சொல்லித் தருகிற மனிதர், தன் கோளாறை மட்டும் கம்பெனிக்காரன் தலையில் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அவரைத் திட்டவும் தோன்றியது, கட்டிப் பிடித்துக்கொண்டு அழவும் தோன்றியது.

"சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே மாமா!"

"மெஷின்ல கோளாறுன்னா மாத்திக்கலாம்" என்றார்.

அக்கா சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. மெதுவாக வந்து அவர் முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

"அப்போ இத்தனை நாளா நான் பேசினது உங்களுக்குக் கேக்கவே இல்லையா?"

"பாதி கேட்டுச்சு."

"எந்தப் பாதி?"

"திட்டற பாதி."

அக்கா சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். அது பாதியிலேயே அழுகையாகிவிட்டது.

மறுநாள் மூவரும் காது டாக்டரிடம் போனோம். டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இது எப்போதிலிருந்து என்று கேட்டார். மழைக்காலத்திலிருந்து என்று மாமா சொன்னதும் பேனாவைக் கீழே வைத்தார். திடீரென்று காது மங்கினால் உடனே ஓடி வர வேண்டும், அந்தச் சமயத்தில் மருந்து கொடுத்தால் பலருக்குத் திரும்பி வந்துவிடும், தள்ளத் தள்ள வாய்ப்பு குறையும் என்றார். யாரையும் குற்றம் சொல்கிற குரலில் சொல்லவில்லை. எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று முதலில் அளந்து பார்த்துவிடலாம் என்று எழுதிக் கொடுத்தார். மாமா, "அளந்து பாத்துடலாம் சார்" என்றார். அளப்பது என்றதுமே அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்ததை நான் கவனித்தேன்.

சோதனை அறை என்பது ஒரு பெரிய அலமாரி அளவுக் கூண்டு. உள்ளே சுவர் முழுக்கப் பஞ்சு, கனமான கதவு, எங்கள் பக்கம் ஒரு கண்ணாடி. டெக்னீஷியன் பெண் அவர் தலையில் ஹெட்போனை மாட்டினாள். மாமா அதைத் தொட்டுத் தடவிப் பார்த்து, "ரொம்ப நல்ல ஹெட்போனா இருக்கேம்மா, இது வெளிய கிடைக்குமா?" என்று கேட்டார். அவள் சிரித்துவிட்டு, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தாள். பீப் சத்தம் எவ்வளவு மெதுவாகக் கேட்டாலும் அமுக்க வேண்டும், அவ்வளவுதான். கதவைச் சாத்திவிட்டு வந்து எங்கள் பக்கத்தில் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள்.

முதலில் வலது காது. மாமா கண்ணை மூடிக்கொண்டு அமுக்கிக்கொண்டே இருந்தார். அவர் அமுக்கும்போதெல்லாம் மெஷினில் ஒரு சின்ன விளக்கு எரிந்தது. எங்களுக்குக் கேட்காத சத்தத்துக்கெல்லாம் எரிந்தது. "இந்தக் காது பிரமாதம்" என்றாள் அந்தப் பெண். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு மைக்கில் அவரிடம் சொன்னாள். "சார், அடுத்து இடது பக்கம். வலது காது உதவிக்கு வராம இருக்க, அதுல நானே ஒரு இரைச்சல் போட்டு வைப்பேன். அதக் கண்டுக்காதீங்க. இடதுல பீப் வந்தா மட்டும் அமுக்குங்க."

மாமா தலையாட்டினார். நிமிர்ந்து உட்கார்ந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கட்டை விரலைப் பட்டன் மேல் தயாராக வைத்துக்கொண்டார். அந்தப் பெண் ஒன்றை அமுக்கினாள். விளக்கு எரியவில்லை. பக்கத்திலிருந்த குமிழைக் கொஞ்சம் திருப்பி மறுபடி அமுக்கினாள். இன்னும் திருப்பினாள். விளக்கு எரியவில்லை. மாமா பொறுமையாகப் பஞ்சுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் போடலையாம்மா?" என்று அக்கா ரகசியமாகக் கேட்டாள்.

"போட்டுட்டுத்தான் இருக்கேன் அக்கா" என்றாள் அந்தப் பெண். குமிழைக் கடைசி வரைக்கும் திருப்பியிருந்தாள்.

அப்போது மாமா கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்துச் சிரித்தார். நான் ரெடி, ஆரம்பிக்கச் சொல்லுங்கள் என்று கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

அக்கா அவரைப் பார்த்து, இதோ, இப்போது ஆரம்பித்துவிடுவார்கள் என்பது போலத் தலையாட்டினாள்.