மூணு பருப்பு ராசி

நான் என்ன வேலை செய்கிறேன் என்று திண்டிவனத்தில் என் புகுந்த வீட்டில் கேட்டால், "கம்ப்யூட்டர்ல இன்னாவோ எழுதிக்கினு இருக்குது" என்பார்கள். தப்பில்லை. மேசையைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, பேசிப் பேசியே ஒரு கதையை நடத்திப் போகும் ஆட்டங்களுக்கு விதி எழுதுகிறவள் நான். ஒருவர் கதை சொல்வார். இன்னொருவர் 'நான் சுவரேறிக் குதிக்கிறேன்' என்பார். குதித்தாரா, விழுந்தாரா என்று பகடை சொல்லும். எட்டு வருஷம் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்காக டிராகனுக்கும் பனிமலைக்கும் விதி எழுதினேன். பனியை நான் ஃப்ரிட்ஜில்தான் பார்த்திருக்கிறேன்.

சலித்துப்போய், எனக்கென்று ஓர் ஆட்டம் செய்ய உட்கார்ந்தேன். மழையில் உடையப்போகும் ஏரிக்கரை, அதைக் காக்க நிற்கும் ஊர்க்காரர்கள். பகடைக்குப் பதில் மல்லாட்டை; வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பேர். மஞ்சப்பைக்குள் பார்க்காமல் கைவிட்டு ஒன்றை எடுத்து உடைக்க வேண்டும். மூன்று பருப்பு இருந்தால் நினைத்தது நடக்கும். இரண்டு என்றால் நடக்கும், ஆனால் எதையாவது இழக்க வேண்டும். ஒன்று என்றால் நடக்காது. உள்ளே ஒன்றுமே இல்லாத பொக்கு வந்தால் அந்தப் பாத்திரம் செத்துப்போகும். போகிறபோது கூட இருக்கும் ஒருவரைக் கரையேற்றிவிடலாம்.

இந்த யோசனை வந்ததே என் ராசியால்தான். என் கணவருக்கு மல்லாட்டை மண்டியில் வேலை. சாயங்காலம் வந்ததும் அவித்த மல்லாட்டையில் என் பங்கை அள்ளி என் முன்னால் வைப்பார். எனக்கு மூணு மூணாக வரும். "பாத்தீங்களா என் ராசிய" என்று பீற்றிக்கொள்வேன். "ஆமாம்மா, உனக்குன்னா வருது" என்பார்.

நான் பிறந்து வளர்ந்தது விழுப்புரம் டவுனில். அங்கே என் சிநேகிதிகளை வைத்து ஞாயிறுதோறும் ஆடிப் பார்த்தேன். அருமையாக ஓடியது. வெளியிட ஒருவர் முன்வந்தார். இதுவரை ஆடியே அறியாதவர்களை வைத்துக் கடைசியாக ஒருமுறை ஆடிப் பார்த்து எழுதுங்கள் என்றார். இதற்கிடையில், நான் முன்பு டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்தில், திரும்பி வருகிறீர்களா, திங்கட்கிழமைக்குள் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள். ஆட்டம் தேறாவிட்டால் இனி சாக்பீஸ்தான் என்று முடிவு செய்திருந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் கணவர், நாத்தனார், அவள் வீட்டுக்காரர் மூவரையும் உட்கார வைத்தேன். மூவரும் சின்ன வயதிலிருந்து மல்லாட்டை பறித்து, காயவைத்து, தரம் பிரித்தவர்கள். அதை நான் யோசிக்கவே இல்லை.

பைக்குள் போன கை லேசில் வெளியே வரவில்லை. துழாவியது. எடுத்தால் மூன்று. அடுத்தவருக்கும் மூன்று. நாத்தனார் வீட்டுக்காரர் ஒன்றைக் காதருகே ஆட்டி, "இதுல ஒன்னு சூம்பிப் போச்சு" என்று திரும்ப உள்ளே போட்டார்.

"பார்க்காம எடுக்கணும்!" என்று கத்தினேன்.

"பாக்கலியே அண்ணி. கைக்குத் தெரியுது, நான் இன்னா பண்றது?" என்றாள் நாத்தனார்.

ஒன்பது மாத உழைப்பு. எல்லாருக்கும் எல்லாம் நடந்தது. ஏரி உடையவே மாட்டேன் என்றது. எனக்கு அழுகையும் வந்தது, அதைவிட அதிகமாக ஆத்திரமும் வந்தது. "பையில மீதி இருக்கறதோட முடிச்சுத் தொலைக்கலாம்" என்றேன்.

ஆடஆட நல்லதெல்லாம் தீர்ந்தது. கதையில் மதகு உடைந்து, நாத்தனார் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டாள். அவள் கையைக் கணவர் பிடித்திருக்கிறார். முதலில் அவர் எடுக்க வேண்டும், பிறகு அவள். அவர் கை பைக்குள் ரொம்ப நேரம் இருந்தது. எடுத்ததைக் காதருகே ஆட்டினார். சத்தமே இல்லை. உடைக்காமல் என் முன்னால் வைத்தார்.

"பொக்குன்னு தெரியுதில்ல, மாத்தி எடுங்க!" என்றேன், விதியை எழுதின நானே.

"தெரியும்மா. உள்ள ரெண்டுதான் இருந்துச்சு. நல்லத நான் எடுத்துக்கினா இது அவ கைக்குப் போகும்."

"போண்ணா" என்று நாத்தனார் அவர் தோளில் ஓர் அடி வைத்தாள். வெறும் ஆட்டத்துக்குக் கண் கலங்கியிருந்தாள்.

எட்டு வருஷம் டிராகனை வைத்து நான் ஒருவரையும் இப்படிக் கலங்க வைத்ததில்லை. 'பார்க்காமல்' என்ற விதியை அங்கேயே அடித்தேன். பை போய், தட்டு வந்தது. தெரிந்தே எடுங்கள், நீங்கள் எடுத்தபின் அடுத்தவருக்கு எது மிஞ்சும் என்று பார்த்து எடுங்கள். அப்படித்தான் ஆட்டம் வெளிவந்தது. பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை என்று திங்கட்கிழமை காலையிலேயே சொல்லிவிட்டேன்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை சாயங்காலத்தைச் சொல்ல வேண்டும். வழக்கம்போல மல்லாட்டை வெந்தது. வழக்கம்போல என் பங்கை அள்ளி என் முன்னால் வைத்தார். உடைத்தேன், மூன்று. அடுத்ததும் மூன்று. அன்றைக்குத்தான் முதல்முறையாக அவர் தட்டைப் பார்த்தேன். அத்தனையும் ஒற்றைப் பருப்பு. ஓரத்தில் இரண்டு பொக்கு.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம். ராசியாம், ராசி!