தாடி வைத்த நான்கு வெள்ளைக்காரர்கள்

நான் ராமேஸ்வரத்தில் பெண் எஸ்.ஐ.யாகப் பொறுப்பேற்று இரண்டு வாரம்கூட ஆகவில்லை. வாடகை சைக்கிள் கடை முனியசாமி, தாடி வைத்த ஒரு வெள்ளைக்கார இளைஞனைச் சட்டையைப் பிடித்து ஸ்டேஷனுக்குள் இழுத்து வந்தார்.

“இவன்தாம்மா! நேத்து சைக்கிள எடுத்துட்டுப் போனவன் திரும்பலை. இப்பக் கேட்டா நான் இல்லங்கிறான். ராமநாதசாமி சத்தியமா இவனேதான்!”

இளைஞன் அழாத குறை. அன்று சாயங்கால ரயிலை விட்டால் மெட்ராஸில் அவனுடைய விமானம் போய்விடும். ரிமாண்ட் ஆனால் எப்போது ஊர் போய்ச் சேர்வான் என்று யாருக்கும் தெரியாது.

இன்ஸ்பெக்டர் பேப்பரை விட்டுத் தலையை நிமிர்த்தவில்லை. “சாட்சிதான் அடிச்சுச் சொல்றாருல்ல. கேசப் போட்டு உள்ள வைம்மா.”

எனக்கு மனசு ஒப்பவில்லை. கொஞ்சம் அவகாசம் கேட்டேன். முறையான அடையாள அணிவகுப்பை மாஜிஸ்திரேட்தான் நடத்த வேண்டும்; நான் செய்தது வெறும் விசாரணை. முனியசாமியை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, பக்கத்து லாட்ஜிலிருந்து தாடிக்கார வெள்ளைக்காரர்கள் மூன்று பேரை டீ சாப்பிடக் கூப்பிட்டேன். நான்கு பேருக்கும் ஒரே மாதிரி காவி வேட்டி, துண்டு கொடுத்து உடை மாற்றச் சொன்னேன். பெஞ்சில் வரிசையாக உட்கார வைத்து முனியசாமியை உள்ளே அழைத்தேன்.

அவர் தயங்கவே இல்லை. லாட்ஜிலிருந்து வந்த ஒருவரின் தோளைத் தொட்டார். “இந்தா, இவன்தான்.”

அந்த ஆள் அன்று காலை ரயிலில்தான் வந்து இறங்கியவர். டிக்கெட்டைக் காட்டினார்.

முனியசாமிக்கு வேர்த்துவிட்டது. “பாம்பன் வலைக்காரப் பயலுகன்னா முதுகப் பாத்தே பேரச் சொல்லிருவேம்மா. இவனுக எல்லாம் ஒரே அச்சுல இருக்கானுகளே!”

பாவம், அவர் பொய் சொல்லவில்லை. பழகாத இனத்து முகத்தில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் நிறம் ஒன்றுதான். இளைஞன் ரயிலைப் பிடித்தான். மறுநாள் அசல் ஆள், பஞ்சரான சைக்கிளைத் தனுஷ்கோடி மணலிலிருந்து தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். அவருக்குத் தாடியே கிடையாது!

அடுத்த வருஷம் ஒரு வெளிநாட்டுப் பெண், தன் பையைத் திருடியவர் என்று பாம்பன் மீனவர் ஒருவரைக் கைகாட்டினார். அந்தப் பெண்ணும் அடித்துத்தான் சொன்னார். கேஸ் எழுத உட்கார்ந்த ரைட்டரை இன்ஸ்பெக்டரே தடுத்தார்.

“இருய்யா. முதல்ல நம்ம எஸ்.ஐ. அம்மாவக் கூப்பிடு. இதே நிறத்துல இன்னும் அஞ்சு பேரு உக்காரட்டும்.”

அதைக் கேட்டபோது வந்த பெருமை, பிற்பாடு வாங்கிய மெடலில்கூட எனக்குக் கிடைக்கவில்லை. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன்: சாட்சி எவ்வளவு உறுதியாகச் சொல்கிறார் என்பதோடு நின்றுவிடாதீர்கள், அந்த மாதிரி முகங்களைப் பார்த்து வளர்ந்தவரா என்றும் கேளுங்கள்.

அந்தப் பெண் வரிசையில் வேறு ஒருவரைக் காட்டினார். மீனவர் அன்றைக்கே கடலுக்குப் போனார்.