வடக்கெல்லை: ஹென்ட்ரிக்கின் காணி

இக்னேசியஸ் அண்ணையைக் கதிரையில் இருத்துவது லேசுப்பட்ட வேலை இல்லை. கோப்பிக் கடையில் எனக்கு முன்னால் வந்து இருப்பார். இரண்டு வாய் குடிப்பார். எழும்பிப் போய்க் கண்ணாடிக் கதவு வழியாகக் கார் நிறுத்துமிடத்தைப் பார்ப்பார். திரும்பி வருவார். "ஆரைப் பாக்கிறியள் அண்ணை?" என்று கேட்டால், "ஒருத்தரையும் இல்லை" என்பார். பச்சைப் பொய். நான்கு மாதமாக அவர் பார்ப்பது ஒரு சாம்பல் நிறக் காரை. அது அவருடைய மகள் ஷாமிலாவின் கார். ஞாயிறு தவறாமல் ஸ்ரௌவ்வில்லில் இருந்து ஸ்காபரோவுக்கு வந்துகொண்டிருந்த கார், மே மாதத்தோடு நின்றுவிட்டது.

பதினெட்டு வருடமாக எனக்கு அவரைத் தெரியும். பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுசில் ஒரே ஷிஃப்டில் பெட்டி தூக்கியவர்கள் நாங்கள். அவருக்கு முதுகு போனது, எனக்கு முழங்கால் போனது, இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தோம். வந்த முதல் மாதமே அவருடைய மனைவி ஜோசப்பின் அக்கா எனக்கு ரெலிபோன் எடுத்தார். "அருள், உந்த மனிசனை எங்கையாவது கூட்டிக்கொண்டு போங்கோ. அலுமாரியை நாலுதரம் இடம் மாத்திப்போட்டார்" என்று அழாக்குறையாகச் சொன்னார். முதுகு போன மனிதர் அலுமாரியை எப்படித் தள்ளினார் என்று என்னைக் கேட்காதீர்கள்.

அவருக்கு வேலை தேடிக் கொடுத்தவள் ஷாமிலாதான். ரொறன்ரோ நகரத்துக்குள் ஒரு சின்னக் கம்பனி. பழைய குடும்பங்களின் முன்னோரைத் தேடிக் கொடுப்பது அவர்களின் தொழில். அமெரிக்கா பிரிட்டிஷ்காரரின் கையில் இருந்த காலத்தில் அங்கே தோட்டம் செய்தவர்களின் வாரிசுகள்தான் பெரும்பாலும் வருவார்கள். அந்த நாள் காணிப் பத்திரங்களும் உயில் என்று சொல்லும் மரணசாசனங்களும் இப்போது படமாகக் கொம்பியூட்டரில் கிடக்கின்றன. அவற்றின் கோழிக் கிறுக்கலை வாசிக்க ஆள் தேவைப்பட்டது. இக்னேசியஸ் அண்ணை இளமையில் யாழ்ப்பாணத்தில் ஒரு நொத்தாரிசிடம் ஏழு வருடம் கிளாக்கராக இருந்தவர். காணி கைமாறும்போது எழுதும் பத்திரத்தை எங்கள் பக்கத்தில் உறுதி என்போம். உறுதி எழுதியும் படியெடுத்தும் தேய்ந்த கை அவருடையது. ஷாமிலா தகப்பனின் வீட்டுப் பேஸ்மென்றில் இரண்டு கொம்பியூட்டர்த் திரை பூட்டிக் கொடுத்து, "அப்பா, இது உங்களுக்கெண்டே செய்த வேலை" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

உண்மையும் அதுதான். மற்றவர்கள் பெயரைப் பிடித்துக்கொண்டு தேடுவார்கள். இவர் எல்லையைப் பிடிப்பார். வடக்கே ஆருடைய காணி, கிழக்கே ஆருடைய காணி என்று ஒரு வெள்ளைத் தாளில் கீறுவார். "பேரை எவனும் மாத்துவான் அருள். பக்கத்துக் காணிக்காரன் எல்லையை மாத்த விடமாட்டான்" என்பார். இப்படித் தேடி ஏழெட்டுக் குடும்பங்களுக்குப் பூட்டனைப் பிடித்துக் கொடுத்திருந்தார்.

மே மாதம் தன் சொந்த மரணசாசனத்தை எழுதினார். அங்கேதான் வில்லங்கம் வந்தது. லோயர் அனுப்பிய வரைவில் சம்மதம் என்று கையெழுத்து வைத்து, ஸ்கான் பண்ணித் திருப்பி அனுப்ப வேண்டும். அந்த வீட்டில் படிவம், கடிதம், வரி எல்லாம் ஷாமிலாவின் கையால்தான் போகும். அன்றும் அவளிடமே கொடுத்தார். வீடு ஜோசப்பினுக்கு, அவருக்குப் பிறகு மகன் ஜெனாட்டுக்கு. ஷாமிலா மூன்று பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்பா, என்ரை பேரே இதிலை இல்லை."

"உனக்குத்தான் தந்தாச்சே பிள்ளை."

"நான் வீட்டைக் கேக்கேல்லை. ஜெனாட் எடுக்கட்டும். என்ரை நேம் எங்கை? உங்களுக்கு ஒரு டோட்டர் இருக்கிறா எண்டு இந்தப் பேப்பருக்குத் தெரியாது."

"பேரை எழுதி என்ன செய்யிறது? சீதனம் குடுத்தாச்சு. அதோடை முடிஞ்சுது."

"அப்ப நானும் முடிஞ்சன், என்ன?"

தாளை ஒழுங்காக அடுக்கி ஸ்கானரின் மேல் வைத்துவிட்டுக் கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஜோசப்பின் அக்கா வெறுங்காலோடு வாசல்வரை ஓடினார். கார் திரும்பி ரோட்டில் ஏறிவிட்டது.

அவர் மனதில் கள்ளம் இருக்கவில்லை, அதையும் சொல்லவேண்டும். ஷாமிலா கலியாணம் கட்டும்போது ஸ்ரௌவ்வில் வீட்டுக்கு முற்பணம் கட்டியவர் இவர். அது சீதனம். சீதனம் வாங்கிய மகளுக்குத் தாய் தகப்பனின் மிச்ச ஆதனத்தில் பங்கில்லை என்பது யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டம். ஏழு வருடம் அந்தச் சட்டத்தைத்தான் அவர் எழுதினார். ஆனால் ஸ்காபரோவில் பிறந்த பிள்ளைக்குத் தேசவழமை எங்கே தெரியும்? அவளைப் பொறுத்தவரை அப்பா வீடு வாங்க உதவி செய்தார், அவ்வளவுதான். அதை வாங்கியதற்காகத் தன் பெயரை வெட்டுவார்கள் என்று அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. நான் முகத்துக்கு நேரே சொன்னேன். "அண்ணை, நீங்கள் செய்தது விசர் வேலை. ரெலிபோன் எடுத்து மன்னிப்புக் கேளுங்கோ." ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. பிறகு கோப்பிக் கடைக்கு வந்தார், கதவுக்கும் கதிரைக்கும் நடந்தார்.

செப்ரெம்பரில் மிஸிஸ் டெக்கரின் கோப்பு வந்தது. கிங்ஸ்ரனில் இருக்கும் எண்பத்தாறு வயது அம்மா. அவருடைய வீட்டுப் பழைய பைபிளில், தங்கள் வழியின் மூத்த கிழவி நீல்ட்யே என்றும், அவள் ஹட்சன் ஆற்றங்கரைத் தோட்டக்காரன் யாக்கோப்பின் மகள் என்றும் எழுதியிருந்தது. அந்த யாக்கோப்பின் மரணசாசனம் கிடைத்திருந்தது. வருடம் 1761. மனைவி, நாலு ஆண்பிள்ளைகள், இரண்டு பெண்பிள்ளைகள் எல்லாரும் இருந்தார்கள். நீல்ட்யே இல்லை. மூன்று ஆராய்ச்சியாளர்கள் ஆளாளுக்குப் பார்த்து, பைபிள் பிழை, இவள் யாக்கோப்பின் மகள் இல்லை என்று எழுதி மூடிவிட்டார்கள்.

ஒரு பின்னேரம் நான் பேஸ்மென்றுக்குள் இறங்கினேன். இக்னேசியஸ் அண்ணை கையில் தாளோடு வோஷிங் மெஷினுக்கும் மேசைக்கும் இடையில் நடந்துகொண்டிருந்தார்.

"அவள் மகள்தான் அருள்."

"எப்பிடிச் சொல்லுறியள்?"

"இஞ்சை பாரும். யாக்கோப் மூத்த மகனுக்கு ஆத்தங்கரை வயலைக் குடுக்கிறான். கிழக்கெல்லை ஆறு. தெற்கெல்லை தம்பியின்ரை காணி. மேற்கெல்லை மலை. வடக்கெல்லை ஹென்ட்ரிக்கின்ரை காணி. அதுக்கும் வடக்கை திரும்பவும் தகப்பன்ரை காணி. ஆர் இந்த ஹென்ட்ரிக்? பைபிளிலை எழுதியிருக்கிற நீல்ட்யேயின்ரை புருசன். குடும்பக் காணிக்கு நட்டநடுவிலை இவனுக்கு எப்பிடி ஒரு துண்டு வந்தது? வாங்கினதுக்கு ஒரு உறுதியும் இல்லை."

"இதென்ன பெரிய கேள்வி? சீதனம்" என்றேன் நான்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவர் நடையை நிறுத்தினார். மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் அவர் என்னைப் பார்க்கவில்லை, தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சீதனம் என்றால் உறுதி இருக்கவேண்டும். முன்பு தேடியவர்கள் யாக்கோப் செத்த வருடம்வரைக்கும் பதிவுப் புத்தகங்களைப் பார்த்துவிட்டு விட்டிருந்தார்கள். இவருக்கு ஊர்ப் பழக்கம் தெரியும். சீதன உறுதியை ஒருவரும் ஓடிப்போய்ப் பதிவதில்லை. அது றங்குப் பெட்டிக்குள் சீலைக்குக் கீழே கிடக்கும். காணியை விற்கிற நாள் வந்தால்தான் வெளியே வரும். அதனால் செத்த வருடத்துக்குப் பிறகு வந்த புத்தகங்களை ஒவ்வொரு பக்கமாகத் தட்டத் தொடங்கினார். இரண்டு கிழமை கோப்பிக் கடைக்கு வரவில்லை. சாப்பாட்டுக் கோப்பையோடு மேலும் கீழும் ஏறி இறங்கியே தன் காலில் நீர் வைத்துவிட்டது என்று ஜோசப்பின் அக்கா ஏசினார்.

மூன்றாவது கிழமை எனக்கு ரெலிபோன் வந்தது. வணக்கம் இல்லை, சுகமோ என்று கேட்கவில்லை.

"1798. ஹென்ட்ரிக்கின்ரை பிள்ளையள் விக்கேக்கை பதிஞ்சிருக்கினம். எழுதினது 1752. வாசிக்கிறன், கேளும். 'என் மகள் நீல்ட்யே மீதும் அவளுடைய கணவன் ஹென்ட்ரிக் மீதும் நான் கொண்டுள்ள இயற்கையான அன்பும் பட்சமும் காரணமாக...'"

இங்கிலிஷில் இருந்ததை அவர் தமிழில் வாசித்தார். யோசித்து மொழிபெயர்க்கத் தேவையே இருக்கவில்லை, ஏனென்றால் எங்கள் சீதன உறுதிகளிலும் இதே வார்த்தைதான். நூற்றுக்கணக்கான பெண்பிள்ளைகளுக்கு அவர் கையால் எழுதிய வார்த்தை.

"அருள்."

"சொல்லுங்கோ அண்ணை."

"அந்தத் தகப்பன் அவளை மறக்கேல்லை. முதலே குடுத்துப்போட்டன் எண்டுதான் கடைசியிலை எழுதாமல் விட்டிருக்கிறான். ஆனா இருநூத்து அறுபது வருசமா வந்தவன் போனவன் எல்லாம் அவள் மகள் இல்லை எண்டு சொல்லிப்போட்டாங்கள்."

நான் "ம்" என்றேன். என் வாழ்க்கையில் வாயை மூடிக்கொண்டு இருந்த மிகச் சில தருணங்களில் அது ஒன்று.

அடுத்த சனிக்கிழமை காலை என் வீட்டு வாசலில் கலியாண வீட்டுக்குப் போகிறவர் போலக் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு நின்றார். கையில் ஒரு நீளமான மண்ணிறக் கடித உறை. முதுகு போனதில் இருந்து அவர் கார் ஓடுவதில்லை. "ஸ்ரௌவ்வில்லுக்கு விடும்" என்றார். போகிற வழி முழுக்க ஆசனப் பட்டியைக் கழற்றினார், போட்டார், கண்ணாடியை இறக்கினார், ஏற்றினார். சிவப்பு விளக்கில் நின்றபோது கதவைத் திறக்கவும் பார்த்தார். நான் பூட்டைப் போட்டேன். "அவள் கதவைத் திறக்காட்டி?" என்று மூன்று தரம் கேட்டார்.

ஷாமிலா கதவைத் திறந்தாள். தகப்பனைப் பார்த்தாள், கழுத்துப்பட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்து "வாங்கோ அங்கிள்" என்றாள். அவரை வா என்று சொல்லவில்லை, ஆனால் கதவை அகலத் திறந்தபடி நின்றாள். அவளுடைய புருசன் றூபன் வேலைக்குப் போயிருந்தான். சாப்பாட்டு மேசையடியில் நான் இருந்தேன். அவர் நின்றார். உறைக்குள் இருந்து இரண்டு நீளத் தாளை எடுத்து அவளிடம் நீட்டினார். அவர் கைப்பட எழுதிய சீதன உறுதி. நொத்தாரிசுக் கந்தோர் எழுத்து, ஒரு வெட்டு இல்லை, ஒரு திருத்தம் இல்லை.

"இவ்வளவு தமிழ் எனக்கு வாசிக்க வராது" என்றாள். "நீங்கள் வாசியுங்கோ."

அவர் தொண்டையைச் செருமினார்.

"'இளவாலையைப் பிறப்பிடமாகவும் ஸ்காபரோவை வதிவிடமாகவும் கொண்ட மரியாம்பிள்ளை இக்னேசியஸ் ஆகிய நான், எனது மூத்த பிள்ளையும் ஒரே மகளுமாகிய ஷாமிலா மீது நான் கொண்டுள்ள இயற்கையான அன்பும் பட்சமும் காரணமாக...'"

அதோடு தாளைத் தாழ்த்திவிட்டார். ஆயிரம் தரம் மழமழவென்று வாசித்த வரி. ஷாமிலா குசினிக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் அன்பையும் பட்சத்தையும் அப்படியே விட்டுவிட்டு எல்லைக்குத் தாவினார்.

"'வீடும் வளவும். கிழக்கெல்லை ரோட்டு...'"

"பிழை" என்றாள் ஷாமிலா.

"என்ன பிழை?"

"காலமை வெயில் கிச்சினுக்குள்ளை வருது. அப்ப பின்பக்கம்தானே ஈஸ்ட்? ரோட்டு வெஸ்ட்."

எல்லையில் பிழை விடாத மனிதர் தாளையே பார்த்தபடி நின்றார். "எனக்கு ஞாபகம் ரோட்டு..." என்று இழுத்தார்.

"நீங்கள் எப்ப அப்பா வந்தனீங்கள்? வீடு குடிபுகேக்கை ஒருக்கா. ஈஸ்ரருக்கு ஒருக்கா. நாங்களெல்லோ ஒவ்வொரு கிழமையும் அங்கை வாறது."

அவள் அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. அவர் பேனையை எடுத்துக்கொண்டு பின்கதவைத் திறந்து புல்லுக்குள் இறங்கினார். கொஞ்சம் பொறுத்து அவளும் செருப்பைக் கொழுவிக்கொண்டு போனாள். ஜன்னலால் பார்த்தேன். அவள் கையை நீட்டி நீட்டிக் காட்டினாள், அவர் வேலியடியில் குனிந்து குனிந்து எழுதினார். நாலு பக்கமும் சுற்றினார்கள். பக்கத்து வீட்டுச் சீக்கிய மனிதரிடம் பெயரைக் கேட்டு வடக்கெல்லையில் எழுதியதும் தெரிந்தது. திரும்பி உள்ளே வந்தபோது இரண்டு பேருடைய மூக்கும் சிவந்திருந்தது. குளிர் என்று வைத்துக்கொள்வோம்.

"வில்?" என்று ஷாமிலா கேட்டாள்.

"செவ்வாய்க்கிழமை லோயரிட்டைப் போறன். முதல் வரியிலை உன்ரை பேர். என்ரை மகள், அவளுக்கு முதலே தந்தாச்சு எண்டு. வீடு ஜெனாட்டுக்குத்தான்." அந்த நிலையிலும் சட்டத்தை விடவில்லை மனிதர்.

"ஓகே. ஸ்பெல்லிங்கை மட்டும் சரியா எழுதச் சொல்லுங்கோ."

பிறகு அவள் தாளின் அடியைக் காட்டி, அந்த வெறும் இடங்கள் எதற்கு என்று கேட்டாள். சாட்சிகள் கையெழுத்து வைக்கும் இடம் என்றேன். பேனையை வாங்கி முதலாவது இடத்தில் அருள்நாயகம் என்று எழுதினேன். எழும்பி, கார்த் திறப்பையும் எடுத்தேன். "அப்ப வெளிக்கிடுவம், என்ன அண்ணை?"

"ரெண்டு சாட்சி இல்லாமல் உறுதி செல்லாது" என்றார். பிறகு மகளைப் பார்த்து, "றூபன் எத்தினை மணிக்கு வருவார்?"

"ஆறாகும் அப்பா."

அப்போது மதியம் ஒன்றரை. இக்னேசியஸ் அண்ணை கழுத்துப்பட்டியைக் கழற்றி மேசையில் வைத்தார். கதிரையை இழுத்துப்போட்டு அதில் இருந்தார்.